இணையக் குழுவுக்கு ஒரு டொமைன் பெயர்: தேர்ந்தெடுப்பது முதல் காப்பாற்றுவது வரை

வாட்ஸ்அப் குழுவாகத் தொடங்கி நானூறு ஐந்நூறு பேராகப் பெருகிவிட்ட எந்தக் கூட்டத்திலும் ஒரு நாள் இந்தப் பேச்சு எழும்: "நமக்கென்று ஓர் இணையதளம் இருந்தால் என்ன?" அடுத்த அரை மணி நேரத்தில் ஐம்பது பெயர்கள் வந்து விழும், எது அழகு, எது கம்பீரம் என்று விவாதம் நடக்கும், அன்றிரவே ஆர்வம் மிகுந்த ஒருவர் தம் சொந்தப் பணத்தில், தம் சொந்த மின்னஞ்சல் முகவரியில் ஒரு டொமைன் பெயரை, அதாவது இணையதளத்தின் முகவரியாகும் பெயரைப் பதிந்தும் விடுவார். அந்த விவாதத்துக்கும் அந்த இரவுக்கும் இடையில் செய்திருக்க வேண்டிய வேலைகளே இந்த வழிகாட்டியின் பொருள். விளக்க வசதிக்காக, மாடித்தோட்டம் போடுகிறவர்களின் குழு ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்கிறேன். விதை பரிமாறுவதும், பூச்சி அரித்த இலையைப் படமெடுத்து ஆலோசனை கேட்பதும் அவர்கள் வழக்கம்.

பெயர் எப்படி முகவரியாகிறது

இணையத்தில் உள்ள கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதர்களுக்கு எண்கள் நினைவில் நிற்பதில்லை என்பதால், எண்ணுக்குப் பதில் பெயர் வைக்கும் வழக்கம் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் காலத்திலேயே வந்துவிட்டது. அப்போது எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அந்தக் கோப்பைப் பராமரித்தது. புதிய கணினி ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் திருத்திய கோப்பை மற்ற எல்லாரும் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகப் பெருக இந்த ஏற்பாடு தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் (டொமைன் பெயர் அமைப்பு) என்னும் முறை, ஒரே பட்டியலைப் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. 1985 மார்ச் 15 அன்று பதிவான சிம்பாலிக்ஸ் டாட் காம்தான் முதல் டாட் காம் பெயர்.

டொமைன் பெயரை வலமிருந்து இடமாகப் படித்தால் அதன் அமைப்பு விளங்கும். தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். வலக்கோடியில் 'ஆர்க்' என்ற பின்னொட்டு, அதற்கு முன்னால் 'விக்கிப்பீடியா', அதற்கும் முன்னால் தமிழைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள். ஊர்ப் பெயர், தெருப் பெயர், வீட்டு எண் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்குவதைப் போன்றது இது. உங்கள் உலாவியில் இந்த முகவரியைத் தட்டியதும், இணைய இணைப்பு தரும் நிறுவனமோ வேறு சேவையோ நடத்தும் ஒரு தேடல் சர்வர் (சர்வர் என்பது பிற கணினிகள் கேட்பதற்கு விடை தரும் கணினி) உங்களுக்காக விசாரிக்கப் புறப்படுகிறது. முதலில் வேர்ச் சர்வர்களிடம் 'ஆர்க்குக்கு யார் பொறுப்பு' என்று கேட்கிறது. ஆங்கில எழுத்து ஏ முதல் எம் வரை பெயரிடப்பட்ட 13 வேர் முகவரிகள் உள்ளன. அவற்றை 12 அமைப்புகள் நடத்துகின்றன. ஒவ்வொரு முகவரிக்கும் பின்னால் உலகெங்கும் பல கணினிகள் நிற்கின்றன. வேர்ச் சர்வர், ஆர்க் பின்னொட்டை நிர்வகிக்கும் பதிவகத்தின் சர்வர்களைக் காட்டுகிறது; அவை விக்கிப்பீடியாவின் எண்ணை வைத்திருக்கும் பெயர்ச் சர்வர்களைக் காட்டுகின்றன; கடைசியாக அங்கேதான் எண் கிடைக்கிறது. யாரிடமும் முழுப் பட்டியல் இல்லை. ஒவ்வொருவருக்கும் அடுத்து யாரைக் கேட்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

கிடைத்த விடையைத் தேடல் சர்வர் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்கிறது. எவ்வளவு நேரம் என்பதை டொமைனை வைத்திருப்பவரே நொடிக் கணக்கில் எழுதி வைக்கலாம்: 300 என்றால் ஐந்து நிமிடம், 86400 என்றால் ஒரு நாள். சர்வர் மாற்றியபின் "எனக்குத் திறக்கிறது, உனக்கு ஏன் திறக்கவில்லை" என்று உறுப்பினர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதற்கு இந்த நினைவுதான் காரணம்.

பெயர்ச் சர்வர் கண்ணில் படாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்குக்கு நேர்ந்ததே சாட்சி. பராமரிப்பு வேலையின்போது நேர்ந்த பிழையால் அந்நிறுவனத்தின் பெயர்ச் சர்வர்களுக்குச் செல்லும் வழித்தகவல் இணையத்திலிருந்து நீங்கிவிட்டது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் உலகத்துக்கே எட்டவில்லை.

நீங்கள் பெறுவது குத்தகை

'டொமைன் வாங்கினேன்' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. உண்மையில் யாரும் வாங்குவதில்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமையைப் பெறுகிறோம். டாட் காம், டாட் ஆர்க் போன்ற பொதுப் பின்னொட்டுகளில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கு. மேலே 1998இல் உருவான ஐகான் என்னும் லாப நோக்கற்ற அமைப்பு இருக்கிறது. அதன் ஒப்பந்தத்தின் கீழ் ஒவ்வொரு பின்னொட்டுக்கும் ஒரு பதிவகம்: டாட் காமுக்கு வெரிசைன், டாட் ஆர்க்குக்குப் பப்ளிக் இன்ட்ரஸ்ட் ரெஜிஸ்ட்ரி. நாட்டுப் பின்னொட்டுகளின் நிலை வேறு. டாட் இன் பின்னொட்டை நிக்ஸி என்னும் இந்திய அமைப்பு நிர்வகிக்கிறது, விதிகளையும் அதுவே வகுக்கிறது. பதிவகத்துக்கும் நமக்கும் நடுவில் பதிவு நிறுவனம், அதாவது ரெஜிஸ்ட்ரார். கடைசிப் படியில் நாம்.

இந்தச் சங்கிலியைத் தெரிந்துகொள்வது ஏட்டறிவுக்காக அல்ல. டாட் காமுக்காகப் பதிவு நிறுவனம் பதிவகத்துக்குக் கட்டும் மொத்த விற்பனை விலை 2024 செப்டம்பரிலேயே ஆண்டுக்கு 10.26 டாலர் ஆகிவிட்டது என்று தெரிந்தவருக்கு, 'முதல் ஆண்டு 99 ரூபாய்' என்ற விளம்பரத்தின் பொருள் உடனே புரிந்துவிடும். நட்டத்தை நிறுவனம் இரண்டாம் ஆண்டில் நம்மிடமே வசூலிக்கும். ஒப்பிட வேண்டியது புதுப்பிக்கும் கட்டணத்தை.

படி 1: பெயருக்கு முன், பெயரை வைத்திருப்பவர்

குழுவினர் பெரும்பாலும் கடைசியில் யோசிக்கும் இந்தக் கேள்வியை நான் முதலில் வைக்கிறேன். பதிவேட்டில் யாருடைய பெயர் உரிமையாளராக இருக்கிறதோ அவருக்கே அந்த டொமைன் உரியது. பணம் கொடுத்தது யார், தளத்தை நடத்துவது யார் என்பதெல்லாம் தகராறு வரும்போது இரண்டாம் பட்சம். நான் பங்கெடுத்த சிறு குழுவொன்றில், பதிந்து கொடுத்த நண்பர் வேலை மாறினார். அவர் பதியும்போது கொடுத்திருந்தது பழைய அலுவலக மின்னஞ்சல். புதுப்பிக்கும் அறிவிப்புகள் யாருமே திறக்காத பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. நண்பர்மேல் தவறில்லை. அந்த முகவரியைப் பார்த்தும் மாற்றச் சொல்லாத எங்கள்மேல்தான்.

பதிவு பெற்ற சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ குழு இருந்தால், அதன் பெயரிலேயே பதியுங்கள். பதிவு பெறாத குழுவானால் ஒருவர் பெயரில் பதிவதைத் தவிர வழியில்லை. அப்போது, டொமைன் குழுவுக்காக வைத்திருக்கப்படுகிறது என்பதையும், அவர் விலகும்போது யாருக்கு மாற்றித் தருவார் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு மூன்று பேர் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். இப்படி எழுதச் சொன்னால் நண்பர்களுக்குள் சங்கடம் வரும் என்று தோன்றும். மனக்கசப்பு இல்லாத காலத்தில்தான் இதை எழுத முடியும்.

தொடர்பு மின்னஞ்சலாக, குறைந்தது இருவர் திறக்கக்கூடிய பொது முகவரி ஒன்றைக் கொடுங்கள். அது அதே டொமைனில் அமைந்த முகவரியாக இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியாகும் நாளில் அந்த மின்னஞ்சலும் நின்றுபோகும். சாவியைப் பூட்டிய பெட்டிக்குள்ளேயே வைத்த கதையாகிவிடும். அந்த முகவரிக்கு ஐகான் விதிப்படி ஒரு சரிபார்ப்புக் கடிதம் வரும். 15 நாட்களுக்குள் அதிலுள்ள இணைப்பை அழுத்தாவிட்டால் டொமைன் முடக்கப்படலாம். புதிய தளம் இரண்டு வாரத்தில் திடீரென்று மறைந்துபோகும் சம்பவங்கள் பலவற்றுக்குப் பின்னால் இந்த ஒரு கடிதம் இருக்கிறது.

படி 2: பின்னொட்டைத் தேர்ந்தெடுத்தல்

அழகான பெயருக்குப் பொருந்துகிறது என்பதற்காகப் பின்னொட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள், அதற்குப் பின்னால் ஓர் அரசு இருப்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டெழுத்துப் பின்னொட்டு எதுவானாலும் அது ஒரு நாட்டுக்கோ ஆட்சிப் பகுதிக்கோ ஐரோப்பிய ஒன்றியம் போன்ற கூட்டமைப்புக்கோ உரியது. குவியர் டாட் ஏஎஃப் என்ற முகவரியில் பால்புதுமையினருக்கான ஒரு மாஸ்டடான் குழு இயங்கிவந்தது. (மாஸ்டடான் என்பது குழுக்கள் தங்கள் சொந்தச் சர்வரில் நடத்தக்கூடிய சமூக வலைத்தள மென்பொருள்.) ஆங்கிலப் பேச்சுவழக்கில் அந்த இரண்டெழுத்துக்கு ஒரு குறும்பான பொருள் உண்டு. அந்தச் சுவைக்காக வைத்த பெயர் அது. ஆனால் ஏஎஃப் ஆப்கானிஸ்தானின் பின்னொட்டு. தாலிபான்கள் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே பதியப்பட்டிருந்த அந்தப் பெயரை, 2024 பிப்ரவரியில் அந்நாட்டின் தகவல் தொடர்பு அமைச்சகம் முடக்கியது. மாஸ்டடானில் ஒவ்வோர் உறுப்பினரின் அடையாளத்திலும் டொமைன் பெயர் ஒட்டியிருக்கும். நிறுவிய பிறகு அதை மாற்ற முடியாது. ஆகவே பெயர் போனபோது உறுப்பினர்களின் முகவரியும் சேர்ந்தே போனது.

இது ஒற்றை நிகழ்ச்சி இல்லை. மாலி நாட்டின் எம்எல் பின்னொட்டை ஒரு தனியார் நிறுவனம் இலவசமாக வாரி வழங்கிவந்தது. 2023 ஜூலையில் ஒப்பந்தம் முடிந்து நிர்வாகம் மாலியிடம் திரும்பியதும், கலந்துரையாடல் தளம் நடத்த உதவும் லெம்மி மென்பொருளில் இயங்கிய ஒரு குழு உட்படப் பலர் தங்கள் பெயரை இழந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியதன் விளைவாக, 2021 ஜனவரி 1 முதல் ஒன்றியத்தின் குடியுரிமை இல்லாமல் பிரிட்டனில் இருந்துகொண்டு டாட் இயூ வைத்திருந்தவர்கள் தகுதியிழந்தார்கள். யுகோஸ்லாவியா என்ற நாடு இல்லாமல் போனபின் அதன் ஒய்யு பின்னொட்டு 2010இல் நீக்கப்பட்டது. மென்பொருள்காரர்கள் விரும்பும் ஐஓ பின்னொட்டு, இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் வசமுள்ள சாகோஸ் தீவுக் கூட்டத்துக்கு உரியது. அத்தீவுகளை மொரிஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2025 மே மாதம் கையெழுத்தானது. எந்தக் குழுவும் தன் முகவரிக்காகச் சர்வதேச அரசியலைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டிய நிலையில் தன்னை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

லாப நோக்கற்ற குழுவுக்கு டாட் ஆர்க் இயல்பானது. யார் வேண்டுமானாலும் பதியலாம் என்றாலும், வணிகம் அல்ல என்ற குறிப்பைக் கேட்பவர் மனத்தில் எழுப்பும் ஆற்றல் அதற்கு இன்னும் இருக்கிறது. விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் டாட் காமில் தொடங்கி, அடுத்த ஆண்டே டாட் ஆர்க்குக்கு மாறியது. ஆனால் இதுவும் ஆபத்தே இல்லாத இடமன்று: 2019இல் விலை உச்சவரம்பு நீக்கப்பட்டது, அதே ஆண்டு இறுதியில் அதன் பதிவகத்தை ஒரு முதலீட்டு நிறுவனம் 113.5 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தபின், 2020 ஏப்ரல் 30 அன்று ஐகான் ஒப்புதல் மறுத்தது.

உறுப்பினர்கள் அனைவரும் இந்தியாவில் இருந்தால் டாட் இன் நல்ல தேர்வே. டாட் ஆர்க் டாட் இன் போன்ற மூன்றாம் நிலைப் பின்னொட்டுகளும் உள்ளன. ஆனால் மாடித்தோட்டக் குழுவில் யாழ்ப்பாணத்தவரும் கோலாலம்பூர்க்காரரும் இருந்தால், ஒரு நாட்டின் பின்னொட்டு அவர்களை விருந்தாளிகளாக்கிவிடும். 2012இல் விண்ணப்பம் பெறப்பட்ட சுற்றில் வந்த நூற்றுக்கணக்கான புதிய பின்னொட்டுகளைப் பொறுத்தவரை, இரண்டைச் சரிபாருங்கள்: புதுப்பிக்கும் விலை எவ்வளவு, நீங்கள் விரும்பும் பெயர் 'பிரீமியம்' என்று குறிக்கப்பட்டு ஆண்டுதோறும் பல மடங்கு கேட்கப்படுகிறதா.

தமிழிலேயே முகவரி வைக்கலாமா என்ற கேள்வி நம்மவர்களிடம் தவறாமல் வரும். வைக்கலாம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளுக்கும் தமிழ் எழுத்தில் பின்னொட்டுகள் உள்ளன. ஆனால் டிஎன்எஸ் உள்ளூர ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு ஆகியவற்றை மட்டுமே கையாள்கிறது. தமிழ்ப் பெயர் பியூனிகோடு என்னும் முறையில் எக்ஸ், என் என்ற எழுத்துகளும் இரண்டு இடைக்கோடுகளும் முன்னிற்கும் சரமாக மாற்றப்படுகிறது. 'இந்தியா' என்ற நான்கெழுத்துப் பின்னொட்டு அப்படி 17 குறிகளாகிறது. உலாவியில் இது தெரியாது. ஆனால் சில செயலிகளில் இணைப்பை ஒட்டும்போது அந்த விளங்காத சரமே தோன்றும், பார்ப்பவர் மோசடி இணைப்பு என்று ஒதுங்கிவிடுவார். தமிழ் முகவரியில் அமைந்த மின்னஞ்சலைப் பல இணையப் படிவங்கள் இன்னும் ஏற்பதில்லை. எழுத்தில் மயக்கமும் உண்டு: 'ஔ' என்ற ஓரெழுத்தையும் 'ஒ', 'ள' என்ற ஈரெழுத்தையும் கண்ணால் பிரித்தறிய எல்லாராலும் இயலாது, கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். ஆங்கில எழுத்துப் பெயரை முதன்மையாக வைத்து, தமிழ்ப் பெயரையும் பதிந்து அதற்குத் திருப்பிவிடுவதே இன்றைய நிலையில் பொருத்தம். மனத்துக்கு நிறைவில்லாத பதில்தான். ஆனாலும் அதையே சொல்கிறேன்.

படி 3: பெயர்

தொழில்நுட்ப எல்லைகள் தாராளமானவை. புள்ளிகளுக்கிடையே ஒரு பகுதி 63 குறிகள் வரை, முழுப் பெயர் 253 குறிகள் வரை இருக்கலாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லை. இடைக்கோடு தொடக்கத்திலோ முடிவிலோ வரக் கூடாது. நம் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுத நமக்குள் ஒத்துக்கொண்ட ஒரே முறை கிடையாது.

'மாடித்தோட்டம்' என்ற சொல்லையே பாருங்கள். 'மா' என்பதற்கு 'ஏ' ஒன்றா இரண்டா? நடுவில் வரும் ஒற்றை எழுதுவதா விடுவதா? 'தோ' எழுதும்போது தஞ்சாவூரின் முதல் ஆங்கில எழுத்துக்குப் பின் 'எச்' வருமா வராதா? 'ட்ட' என்பதில் அந்த எழுத்து இரட்டிக்குமா? நான்கு இடங்களில் இரண்டிரண்டு வாய்ப்பு என்றால் மொத்தம் 16 எழுத்துக்கூட்டல்கள். உறுப்பினர் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாய்மொழியாகச் சொல்லும்போது, கேட்டவர் வீட்டுக்குப் போய் அந்த 16இல் எதைத் தட்டுவார் என்று சொல்ல முடியாது. 'தமிழ்' என்ற சொல்லுக்கே குறைந்தது நான்கு வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன என்பதால், அதைப் பெயரில் சேர்ப்பவர்கள் இந்தச் சிக்கலையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

இதற்கு வழி, எழுத்துக்கூட்டலில் ஐயம் எழாத சொற்களைத் தேடுவது. நெடிலும், ஒற்று இரட்டித்தலும், த, ட, ழ, ள, ற போன்ற எழுத்துகளும் வராத சொற்கள் தமிழில் நிறையவே உள்ளன: மலர், நிலம், மரம், கனி. இவற்றை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னால் ஏறத்தாழ எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். தனிச்சொல்லாக இவை பெரும்பாலும் எப்போதோ பதியப்பட்டிருக்கும். ஆகவே இரண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'கனிமரம்' என்பது நம் குழுவுக்கு 'மாடித்தோட்டம்' அளவுக்கு நேரடியான பெயரில்லை. ஆனால் ஒரு முறை கேட்டவர் பிழையின்றித் தட்டுவார். பெயரே எல்லாவற்றையும் விளக்கிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதைவிட, பெயர் வழிதவறாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நல்லது. விளக்கத்தைத் தளத்தின் முகப்பு பார்த்துக்கொள்ளும். இதில் 'விதை' ஓர் ஏமாற்றுக்காரச் சொல்: பார்க்க எளிது, எழுதச் சொன்னால் மூவர் மூன்று விதமாக எழுதுவார்கள். 'மண்' இன்னும் மோசம்; ஆங்கில எழுத்தில் அது ஆண்பிள்ளையாகிவிடுகிறது.

சேர்த்தெழுதும்போது சொற்களுக்கிடையே இடைவெளி மறைவதையும் கவனியுங்கள். எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்விபதில் தளம் தொடக்கத்தில் இரு சொற்களையும் சேர்த்தே எழுதியது. படித்தவர்கள் இடைவெளியை வேறிடத்தில் வைத்து, அதைப் பாலின மாற்று நிபுணரின் தளமாகப் புரிந்துகொண்டார்கள். பின்னர் இடைக்கோடு சேர்க்கப்பட்டது. டெலிஷியஸ் என்ற இணைப்புச் சேமிப்புத் தளம், பின்னொட்டையும் பெயரின் பகுதியாக்கிச் சொல்லின் நடுவில் இரு புள்ளிகளை வைத்திருந்தது. பலருக்கும் புள்ளி எங்கே வரும் என்பது நினைவில் நிற்கவில்லை. 2008இல் அது நேரான டாட் காம் பெயருக்கு மாறியது.

ஊரையும் ஆண்டையும் செயலியின் பெயரையும் தவிர்த்துவிடுங்கள். சென்னையில் தொடங்கிய குழு மதுரைக்குப் பரவும். வாட்ஸ்அப்பில் தொடங்கியது வேறிடத்துக்குப் போகும். செயலியின் பெயர் மற்றொருவரின் வணிகச் சின்னமும்கூட. பிறருடைய சின்னத்தை உள்ளடக்கிய பெயரை, 1999 முதல் நடப்பிலுள்ள யூடிஆர்பி என்னும் தகராறுத் தீர்வு முறையின் மூலம், தீய நோக்கத்தோடு பதிந்து பயன்படுத்தியதாக நிறுவி அச்சின்னத்துக்குரியவர் பறித்துக்கொள்ள முடியும்.

படி 4: பதிவதற்கு முன் சில சோதனைகள்

மூன்று பெயர்களாகச் சுருக்கிக்கொண்டு, குழுவில் இல்லாத ஐந்து பேரைத் தொலைபேசியில் அழையுங்கள். பெயரை ஒரே ஒரு முறை சொல்லி, காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டிச் சொல்லக் கூடாது. ஐவரில் நால்வராவது ஒரே மாதிரி எழுதிய பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ விவாதங்களை முடித்துவைக்கும் சோதனை இது.

பெயருக்கு முன்வாழ்க்கை இருந்ததா என்று பார்க்க வேண்டும். இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் அந்த முகவரியைத் தட்டினால், முன்பு அங்கே தளம் இருந்ததா, என்ன இருந்தது என்பது தெரியவரும். சூதாட்ட விளம்பரமோ போலி மருந்து விற்பனையோ நடந்த முகவரியானால், மின்னஞ்சல் வடிகட்டிகளின் கறுப்புப் பட்டியலில் அது இன்னும் இருக்கக்கூடும். தற்போது வேறொருவரிடம் உள்ளதா என்பதைப் பதிவு விவரத் தேடலில் காணலாம். நெடுங்காலம் ஹூஇஸ் என்ற பெயரில் இருந்த அந்தச் சேவைக்குப் பதிலாக, பொதுப் பின்னொட்டுகளுக்கு 2025 ஜனவரி 28 முதல் ஆர்டிஏபி என்னும் புதிய தேடல் முறை வந்துவிட்டது.

படி 5: பதிதல், பூட்டுதல்

பதிவு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகள் போதும்: புதுப்பிக்கும் கட்டணம் வெளிப்படையாக இருக்கிறதா, இரண்டடுக்குச் சரிபார்ப்பு உண்டா, வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கான குறியீட்டைக் கேட்டவுடன் தருகிறார்களா. ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) எடுத்தால் டொமைன் இலவசம் என்ற சலுகையை நான் ஏற்பதில்லை. வீட்டு வாடகைத் தகராறு வரும்போது நிலப் பத்திரமும் அவர்கள் கையில் இருப்பது நல்லதல்ல.

முதலில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பதிந்து, தானியங்கிப் புதுப்பித்தலை இயக்குங்கள். உரிமையாளர் விவரம் பொதுவில் தெரியாமல் மறைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். எல்லாப் பின்னொட்டிலும் அது அனுமதிக்கப்படுவதில்லை, அமெரிக்காவின் டாட் யுஎஸ் ஓர் எடுத்துக்காட்டு. டொமைனை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற விடாமல் தடுக்கும் மாற்றப் பூட்டு இயங்குகிறதா என்று பாருங்கள். பொதுப் பின்னொட்டுகளில், பதிந்த முதல் 60 நாட்களுக்குப் பொதுவாக வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது.

பூட்டு எதற்கு என்பவர்களுக்கு, பெர்ல் என்னும் நிரல்மொழியைப் பயன்படுத்தும் நிரலாளர்களின் அனுபவம் உண்டு. 1990களிலிருந்து அச்சமூகம் பயன்படுத்திவந்த பெர்ல் டாட் காம் என்ற பெயர் திருடப்பட்டது 2021 ஜனவரி இறுதியில் தெரியவந்தது. சத்தமில்லாமல் பதிவு நிறுவனம் மாற்றப்பட்டிருந்தது. தெரிந்தவர்கள் பலர் உதவியதால் பிப்ரவரியில் திரும்பக் கிடைத்தது. சிறிய குழுவுக்கு அத்தகைய செல்வாக்கு இருக்காது.

படி 6: பதிவுகளை எழுதுதல்

பெயர் கைக்கு வந்ததும், அது எங்கே சுட்ட வேண்டும் என்று பெயர்ச் சர்வரில் குறிப்புகளாக எழுதும் வேலை. இந்தக் குறிப்புகளையும் 'பதிவு' என்றே சொல்வார்கள். 'ஏ' பதிவு சர்வரின் எண்ணைச் சொல்கிறது. நான்கு 'ஏ' கொண்ட பதிவு புதிய நீளமான எண்ணைச் சொல்கிறது. 'சிநேம்' ஒரு பெயரை மற்றொரு பெயருக்குத் திருப்புகிறது. 'எம்எக்ஸ்' அஞ்சலைப் பெறும் சர்வரைக் காட்டுகிறது. முன்னால் மூன்று 'டபிள்யூ' உள்ள வடிவமும் இல்லாத வடிவமும் ஒரே இடத்துக்கு வந்து சேருமாறு செய்யுங்கள். விதைப் பட்டியலுக்கு ஒன்று, கலந்துரையாடலுக்கு ஒன்று என்று உங்கள் டொமைனுக்கு முன்னால் சேரும் துணைப்பெயர்களை எவ்வளவு வேண்டுமானாலும் கட்டணமின்றி உருவாக்கிக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் புதிய டொமைன் பதிவது வீண்.

மின்னஞ்சலுக்குத் தனிக் கவனம் தேவை. கடவுச்சொல் மாற்றும் கடிதங்களை உறுப்பினர்களுக்கு அனுப்பாத குழுத்தளமே இல்லை. கடிதம் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளும் இல்லாவிட்டால் அவை ஸ்பாம் பெட்டியில் விழக்கூடும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் இதில் கண்டிப்பாகிவிட்டன.

படி 7: காலாவதியும் இடமாற்றமும்

1999 கிறிஸ்துமஸ் நேரத்தில், ஹாட்மெயில் நுழைவுக்கு வேண்டிய பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்க மைக்ரோசாஃப்ட் மறந்துவிட்டது. சம்பந்தமே இல்லாத ஒரு லினக்ஸ் நிரலாளர் தம் கையிலிருந்து 35 டாலர் கட்டி அதை மீட்டுக் கொடுத்தார். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே மறந்துபோகுமென்றால், தானியங்கிப் புதுப்பித்தலை மட்டும் நம்பிக் குழு இருக்கக் கூடாது. கடன் அட்டையின் காலமும் முடியும். இரண்டு பேர் தங்கள் நாட்காட்டியில் இரண்டு மாதத்துக்கு முன்பே குறித்துவைக்க வேண்டும். பொதுப் பின்னொட்டுகளில் காலாவதியான பெயர் உடனே பறிபோவதில்லை. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாட்கள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கும் வாய்ப்பு இருக்கலாம். நீக்கப்பட்டபின் 30 நாட்கள் அதிகக் கட்டணத்தில் மீட்கலாம். அதையும் தாண்டினால் 5 நாட்கள் யாரும் தொட முடியாமல் கிடந்து, பிறகு சந்தைக்கு வரும். அந்த நொடிக்காகக் காத்திருக்கும் மென்பொருள்கள் உண்டு. பழைய உறுப்பினர்கள் பழக்கத்தில் வந்து நுழையும் அந்த முகவரியில் வேறொருவர் சூதாட்டத் தளம் நடத்துவார்.

இதே காரணத்தால், பெயரை மாற்றிக்கொள்ளும் குழுவும் பழைய பெயரை விட்டுவிடக் கூடாது. சர்வர் மாற்றத்துக்கு ஒரு நாள் முன்பே, தேடல் சர்வர்கள் விடையை வைத்திருக்கும் நினைவு நேரத்தை 300 நொடிக்குக் குறைத்து, பழைய பெயரின் ஒவ்வொரு பக்கத்தையும் புதிய பெயரின் அதே பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட்டு, பழைய மின்னஞ்சல் முகவரிகளையும் தொடர்ந்து இயக்க வேண்டும். அந்த முகவரிகளைக் கொடுத்து உறுப்பினர்கள் வேறெங்கெல்லாமோ கணக்குத் தொடங்கியிருப்பார்கள். பழைய டொமைனைப் புதிதாகப் பதிபவருக்கு அந்தக் கணக்குகளின் கடவுச்சொல் மாற்றக் கடிதங்களும் போய்ச் சேரும். ஆகவே இடமாற்றத்துக்கு வாக்கெடுப்பு நடத்தும் குழு, பழைய பெயருக்கு இன்னும் பத்தாண்டுக் கட்டணத்தையும் அன்றே வரவு செலவில் சேர்த்துக்கொள்ளட்டும்.